வில் இல்லாத பெரிய வயலின்

வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் பெரியவள் ஆரம்பித்துவிடுகிறாள். “எங்கப்பா, வித்த கிட்டாரைத் திருப்பி வாங்கப் போயி, பரண் மேல ஏறி வில்லத் தேடுனவரு” என்று. வந்தவர்கள் சிரிக்கிறார்கள். சின்னவளும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரிக்கிறாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. பரண் மேல் ஏறினேன், வில்லையும் தேடினேன். ஆனால் ஏன் ஏறினேன் என்பதை மட்டும் அவள் சொல்வதே இல்லை. அதற்குப் பாதிக் காரணம் அவள்தான். அதனால் என் பங்குக்கு நானும் என் பிள்ளைகளான உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதும் அதற்கு மேல் ஐ.டி.ஐ.யும் படித்தவன். கடை பில்லுக்கு மேல் எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் உங்கள் அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற அப்பாவைத்தான் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தேன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, மாதா கோயில் திருவிழா என்று யார் கூப்பிட்டாலும் வேனில் ஏறிவிடுவோம். கிட்டார்காரனை எங்கள் குழுவில் ‘லீடு’ என்பார்கள். “லீடு சாப்பிட்டாச்சா?”, “லீடு எங்கடா, வண்டிய எடுக்கணும்” என்று. பஸ் ஸ்டாண்டில் வேறு யாரையாவது அப்படிக் கூப்பிட்டால்கூட இன்றைக்கும் என் தலை திரும்பும்.

என்னிடம் இரண்டு கிட்டார்கள் இருந்தன. ஒன்று எலெக்ட்ரிக் கிட்டார். நல்ல சிவப்பு. பரவையில் எங்கள் அப்பா உழவுக்கு வைத்திருந்த காளையின் நிறம் அச்சு அசலாக அதுதான், அதனால் அதற்குச் செவலை என்று பெயர் வைத்தேன். இன்னொன்று உங்களுக்குத் தெரிந்த தொப்பை. சாதாரணக் கிட்டாருக்கு முன்பலகை தட்டையாக இருக்கும், நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். இதற்கு முன்பலகை நடுவில் மேடாகப் புடைத்திருக்கும். ஓட்டையும் வட்டமாக இல்லாமல் இரண்டு பக்கமும் வயலினில் இருப்பது மாதிரி நீளமாக வளைந்து இருக்கும். கடைக்காரர்கள் ஆர்ச்டாப் என்பார்கள். எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவன் முதல் முறை பார்த்ததும், “என்ன மாப்ள, கிட்டாருக்குத் தொப்பை போட்டுருக்கு” என்றான். அன்றோடு அதுவே பெயராகிவிட்டது.

தொப்பை கல்கத்தாவில் செய்தது. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் ஊர் மாறிப் போகும்போது எனக்கு விற்றார். செவலை ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் வாயே திறக்காது. திறந்தால் பந்தல் கடைசியில் ஐஸ் விற்கிறவர் வரைக்கும் திரும்பிப் பார்ப்பார். தொப்பைக்குக் கரண்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மடியில் வைத்து ஒரு கம்பியைத் தட்டினால் அந்த அதிர்வு முதலில் நம் நெஞ்சுக்கு வரும், பிறகுதான் காதுக்கு வரும். அது எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியாது. மோட்டார் நன்றாக ஓடும்போது அதன் மேல் கை வைத்துப் பாருங்கள், கொஞ்சம் புரியும்.

இந்த வீட்டுக்கு மேல்தளம் போட்ட நேரத்தில் இரண்டையும் விற்றேன். அதற்குள் குழுவும் கலைந்துவிட்டது. எல்லாரும் பென் டிரைவில் இசையை ஓடவிட்டு மேலே பாட மட்டும் ஆள் வைத்துக்கொண்டார்கள். செவலையைத் திண்டுக்கல் பக்கத்துக் குழு ஒன்று வாங்கிக்கொண்டது. தொப்பையை டவுனில் ஒரு பழைய சாமான் கடைக்குக் கொண்டு போனேன். உங்கள் அம்மா தடுத்துத்தான் பார்த்தாள். “அது ஒண்ணையாவது வச்சுக்கங்க. கான்கிரீட்டு அது இல்லாமயும் இறுகும்” என்றாள். நான் கேட்கவில்லை. கிட்டாரெல்லாம் சின்ன வயது விளையாட்டு, குடும்பஸ்தனுக்கு எதற்கு என்று பெரிய மனுஷன் மாதிரி பேசிவிட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போனேன்.

வேலையெல்லாம் முடிந்து, புது வீட்டில் முதல் ராத்திரி படுத்து மேலே பார்த்தேன். தளம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தட்டினால் சத்தம் வராது. அடுத்த வாரமே அந்தக் கடைக்கு ஓடினேன். “ஒருத்தரு வந்தாரு, பாத்தாரு, தூக்கிட்டுப் போயிட்டாரு. யாருன்னு யாருக்குத் தெரியும்” என்றார் கடைக்காரர்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். பஸ்ஸில் பாட்டுப் போட்டால் எனக்குப் பாடுகிறவர் குரல் கேட்காது, பின்னால் வருகிற கிட்டார் மட்டும்தான் கேட்கும். காயில் கட்டும்போது செம்புக் கம்பியை இழுத்துப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். வண்டி ஓட்டும்போது இடது கை விரல்கள் ஹேண்டில்பாரில் தானாக அமுங்கும். செல்போன் வந்த பிறகு, பழைய பொருள் விற்கிற ஆப்பில் சாப்பாட்டு வேளையில் ‘கிட்டார், மதுரை’ என்று போட்டுத் தேடுவது எனக்கு வெற்றிலை பாக்கு மாதிரி ஆகிவிட்டது. என்னென்னவோ வரும். தொப்பையும் செவலையும் வராது.

இப்போது பெரியவள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் வயலின் வகுப்பு ஆரம்பித்தார்கள். புது வயலின் வேண்டாம், பழையது கிடைக்கிறதா பார் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பா, இதக் கேளுங்க. ‘பெரிய வயலின் விற்பனைக்கு. நல்ல கண்டிசன். வில் மட்டும் காணவில்லை. திருவாதவூர்.’ போட்டோவப் பாத்தா வயலின் மேல ஒரு ஆளே ஏறி உக்காரலாம் போல இருக்கு.”

எட்டிப் பார்த்தேன். அப்புறம் சட்னிக் கையோடு போனைப் பிடுங்கினேன். உங்கள் அம்மா, “கையக் கழுவிட்டுத் தொடுங்க, கண்ணாடியெல்லாம் தேங்கா” என்று கத்தியது காதில் விழுந்தது, ஆனால் கை கேட்கவில்லை. புடைத்த வயிறு. வளைந்த இரண்டு ஓட்டைகள். வலது பக்க ஓட்டைக்குக் கீழே வெளிறிய மூன்று வட்டங்கள்.

அந்த வட்டங்கள் நான் போட்டவை. ஆயுத பூஜைக்கு வேன், ஸ்பீக்கர், டிரம்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். மற்றக் குழுக்காரர்கள் கிட்டாருக்குப் பெட்டி மேல்தான் வைப்பார்கள். எனக்கு மனசு கேட்காமல், கெட்டியாகக் குழைத்துத் தொப்பையின் வயிற்றிலேயே மூன்று பொட்டு அப்பினேன். அந்த வாரம் முழுக்கத் துடைக்கவும் இல்லை. பிறகு ஈரத்துணியால் துடைத்தபோது சந்தனத்தோடு பாலிஷும் உரிந்து வந்துவிட்டது. “மாப்ள, தொப்பைக்கு அம்மை போட்டுருச்சு, வேப்பெல வைடா” என்று கீபோர்டுக்காரன் ஊரெல்லாம் சொன்னான். உலகத்தில் எத்தனை கிட்டார் இருந்தாலும் அம்மை போட்ட கிட்டார் ஒன்றுதான்.

“இது தொப்பை” என்றேன். உங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். “அதேதான்” என்றாள். “கிட்டாருன்னு போட்டுத் தேடுனா எப்பிடிக் கெடைக்கும். அவுகதான் வயலின்னு போட்டுருக்காகளே.”

அந்த ஓட்டைகளைப் பார்த்து அவர்கள் வயலின் என்று நினைத்திருக்கிறார்கள். வயலினுக்கு வில் வேண்டும், வில் வீட்டில் இல்லை, அப்படியானால் தொலைந்துபோயிருக்க வேண்டும். நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். கிட்டார் தேடுகிற எவன் கண்ணிலும் அது படவில்லை. வயலின் தேடுகிறவர்கள் அளவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்காகவே ஒளித்து வைத்த மாதிரி இருந்தது.

அப்போதே போனைப் போடப் போனேன். பெரியவள் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க பேசாதீங்கப்பா. ஒங்க கொரலக் கேட்டாலே தெரிஞ்சுரும். ஆசைன்னு தெரிஞ்சா வெலைய ஏத்திருவாங்க. நான் வயலின் வேணும்னு கேக்குறேன்.”

அவள் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். அதுவரைக்கும் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். ஒருவருடைய தண்ணி மோட்டாரைக் கட்டிக் கொடுத்தேன், அது தலைகீழாகச் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். மேலூர் ரோட்டில் போய்த் திருவாதவூருக்குத் திரும்புகிற வரைக்கும் எனக்குப் பாடம் நடந்தது. “சிரிக்கக் கூடாது. கையில எடுத்ததும் கட்டிப்புடிச்சுறக் கூடாது. கிட்டாருன்னு சொல்லவே கூடாது. நான்தான் வாங்க வந்திருக்கேன், நீங்க சும்மா வண்டி ஓட்ட வந்தவரு.”

“சரிம்மா.”

“மூஞ்சிய இப்பவே காமிங்க, பாப்போம்.” கண்ணாடியில் பார்த்தாள். “வேணாம். ஹெல்மெட்டக் கழட்டாதீங்க.”

கண்மாய்க் கரையை ஒட்டி, புதிதாகப் பெயின்ட் அடித்த வீடு. ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாராம். போவதற்கு முன்னால், ஹாலில் அழகுக்கு மாட்ட அவர் டவுனில் இதை வாங்கி வந்திருக்கிறார். இப்போது அந்த இடத்தில் டி.வி. வந்துவிட்டதால் விற்கிறார்கள். உள்ளே அவளுடைய மாமனார் பனியனோடு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்தாள். பிரித்தாள். ஆறு கம்பியில் நாலுதான் மிச்சம், அதுவும் துருப் பிடித்துத் தொங்கியது. மற்றபடி அதே தொப்பை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளையாக ஹெல்மெட் இருந்தது.

“வெலையெல்லாம் போட்டுருக்குறபடிதான் பாப்பா” என்றாள் அந்தப் பெண். “ஆனா வில்லு கெடைக்காம நான் குடுக்க மாட்டேன். போட்டோ போட்டப்ப தெரியாமப் போட்டுட்டேன். அப்புறமா யோசிச்சேன். ஒரு சாமானப் பாதியா வீட்ட விட்டு அனுப்பக் கூடாதுல்ல. பாதி இங்ஙனயும் பாதி அங்ஙனயுமா இருந்தா ரெண்டு வீட்டுக்கும் ஆகாது. ஒரு வாரமா மாமாவும் நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

“எங்குட்டுப் போயிரப் போகுது, கெடைச்சுரும்” என்றார் மாமனார்.

நான் வாயைத் திறந்தேன். பெரியவள் என் முழங்கைக்கு மேலே கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

“பரண்ல மட்டும்தான் பாக்கல” என்றாள் அந்தப் பெண். “மாமாவுக்கு முட்டி வலி. நான் புள்ளைய வச்சுக்கிட்டு ஏற முடியல.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பெரியவளும் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஏறுங்கள் என்று எழுதியிருந்தது. இதுதான் நடந்தது. உலகத்திலேயே இல்லாத ஒரு வில்லைத் தேடி, அது இல்லை என்று தெரிந்த ஒரே ஆளான நான், பரண் மேல் ஏறினேன்.

உரச் சாக்கு, உடைந்த ஃபேன், கொலுப்படிக்கட்டை, பித்தளை அண்டா எல்லாம் இருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கீழே கொடுக்க, மாமனார் வாங்கிப் பார்த்து, “இது இல்ல, அடுத்தது” என்றார். அவரும் சும்மா இல்லை. கொல்லைப்புறம் போய் ஒரு தூண்டில் கம்பை எடுத்து வந்தார். “தம்பி, இதுவா பாருங்க. நரம்பு கட்டியிருக்கு.”

“இது மீன் புடிக்கிறதுங்கய்யா.”

“அதான நானும் நெனச்சேன். இதுல கெண்டை புடிச்ச மாதிரி ஞாபகம்.”

கீழே அந்தப் பெண் தொப்பையைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தாள். குழந்தை தவழ்ந்து போய்க் கம்பியைப் பிடித்து இழுத்தது. ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். துருப் பிடித்த கம்பி, சுருதி இல்லை, ஆனாலும் அந்த வயிற்றின் சத்தம். பரணில் குனிந்திருந்த எனக்குத் தலை நிமிர்ந்து தளத்தில் இடித்தது. அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

“தங்கச்சி, இதுக்கு வில்லே கெடையாது. இது வயலின் இல்ல. கிட்டாரு.”

பெரியவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் மாமனாரைப் பார்த்துச் சிரித்தாள். “பாத்தீகளா மாமா. வெலையக் கொறைக்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாக. முந்தாநேத்து ஒருத்தரு போன்ல வீணைன்னாரு. இந்த அண்ணே கிட்டாருங்குறாக.”

“கிட்டாருன்னா நடுவுல வட்டமா ஓட்ட இருக்கும் தம்பி” என்றார் மாமனார். “நான் டி.வி.ல பாத்துருக்கேன்.”

“அய்யா, சத்தியமா கிட்டாருதான். என்னோட கிட்டாருதான். நான் வித்தது. இந்த மூணு பொட்டும் நான் வச்சது.”

“பரண்ல ஏறி அம்புட்டு நேரம் தேடுனீகளே, அப்பத் தெரியலையா?” என்றாள் அந்தப் பெண்.

மகளைக் கை காட்டினேன். அவள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி, வில்லு இல்லாம வாசிச்சுக் காட்டுங்கண்ணே, பாப்போம்” என்றாள் அந்தப் பெண்.

இறங்கி வந்து மடியில் எடுத்தேன். கம்பிகளைத் தாங்குகிற சின்ன மரக்கட்டை ஒன்று உண்டு, குதிரை என்போம். தொப்பையில் அது ஒட்டியிருக்காது, கம்பி அழுத்தத்தில்தான் நிற்கும். அது சாய்ந்து கிடந்தது. வருஷக்கணக்காக அது நின்ற தடம் பாலிஷில் லேசாகத் தெரிந்தது. அந்தத் தடத்தில் நிறுத்தினேன். நாலு கம்பியையும் பைய பைய முறுக்கினேன். அறுந்துவிடுமோ என்று ஒவ்வொரு முறுக்குக்கும் மூச்சு நின்றது. சுருதி கிட்டத்தட்ட வந்தது. இடது கை விரல்களை வைத்தேன். என்ன வாசிப்பது என்று யோசிக்கவே இல்லை. மேடையில் கச்சேரிக்கு முன்னால் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன மெட்டு வாசிப்பேன். யாரும் போட்டுக் கொடுத்த மெட்டு இல்லை, எந்தப் பாட்டிலும் வராது, என் விரலாகவே போட்டுக்கொண்டது. அதுதான் வந்தது.

முதல் சுற்றில் தடுமாறினேன். இரண்டு கம்பி இல்லாத இடத்தை விரல் தேடி ஏமாந்தது. இரண்டாவது சுற்றில் வளைத்துக்கொண்டு போகத் தெரிந்துவிட்டது. மூன்றாவதில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. துரு விரல் நுனியை அறுத்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அந்த அதிர்வு பழையபடி நெஞ்சில் வந்து முட்டியது. இத்தனை வருஷம் சுவரில் தொங்கியும், சேலைக்குள் கிடந்தும், அது ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. நான்தான் அங்கங்கே மறந்திருந்தேன்.

நிறுத்தினபோது மாமனாரின் கையில் உரிக்காத கடலை ஒன்று அப்படியே இருந்தது. குழந்தை என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ஏம்மா” என்றார் அவர். “இம்புட்டு நல்ல சாமான எதுக்கு விக்கிற?”

“அதான் மாமா நானும் யோசிக்கிறேன்” என்றாள் அந்தப் பெண். போனை எடுத்தாள். என் கண் முன்னாலேயே அந்த விளம்பரத்தை அழித்தாள். “தப்பா நெனச்சுக்காதீகண்ணே. இப்பிடிப் பேசும்னு எங்களுக்குத் தெரியாது. இருங்க, மோரு குடிச்சுட்டுப் போங்க.”

மோரைக் குடித்துவிட்டு வந்தோம்.

கண்மாய் தாண்டியதும் பெரியவள் பின்னாலிருந்து ஆரம்பித்தாள். “பேசாம வில்லையே தேடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஒரு குச்சிய எடுத்து இதுதான் வில்லுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் கையில இருந்திருக்கும். வாசிக்கச் சொன்னா கொஞ்சமா, கேவலமா வாசிக்கணும்பா. கச்சேரியா பண்றது?”

“கேவலமா வாசிக்க வரலம்மா.”

“இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

கிடைத்ததைக் கையில் வைத்திருந்து மறுபடி இழந்துவிட்டு வருகிறேன். ஆனால் அழுகை வரவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். “மெதுவாப் போங்க” என்று முதுகில் ஒரு அடி விழுந்தது.

உங்கள் அம்மா வெறுங்கையைப் பார்த்தாள். “வாசிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“வாசிச்சேன்.”

“அந்த மைக் டெஸ்டா?”

ஆமாம் என்றேன். அவள் அந்த மெட்டைப் பாத்திரம் விளக்கிக்கொண்டே முனகினாள். ஒரு இடம்கூடத் தப்பவில்லை. அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

மறுநாள் கடைக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போனவன், ஒரு செட் கிட்டார் கம்பி வாங்கிக்கொண்டு வந்தேன். உங்கள் அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “தொழுவத்துல மாடே இல்ல. மூக்கணாங்கயிறு மட்டும் வந்துருக்கு” என்றாள்.

“அவுக வீட்டுல மாட்டி விட்டுட்டு வாரேன். துருக்கம்பியோட கெடந்தா என்னமோ மாதிரி இருக்கு.”

“சரி, போயிட்டு வாங்க. இந்தத் தடவ புள்ளையக் கூட்டிட்டுப் போகாதீங்க.”

அந்த வாரக் கடைசியில் நான் மட்டும் திருவாதவூர் போனேன். விற்பீர்களா என்று கேட்கக் கூடாது என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள்.

“அண்ணே, நல்லவேள வந்தீக. நீங்க போன அன்னைக்கே ரிப்பேராயிருச்சு.”

“என்ன ஆச்சு?”

“பேசவே மாட்டேங்குது. நானும் தட்டிட்டேன், மாமாவும் தட்டிட்டாக. தகரத்தத் தட்டுற மாதிரி டங்கு டங்குன்னுதான் வருது. நீங்க வாசிச்சது வர மாட்டேங்குது.”

மாமனார் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டார். “தம்பி, போகும்போது எதையும் தளத்தி விட்டுட்டுப் போகலையே?”

எனக்கு இது பழக்கமான கேள்விதான். மோட்டாரைக் கழற்றி மாட்டினால், அடுத்த மாதம் ஃபியூஸ் போனாலும் நீதான் தொட்டாய் என்பார்கள். ஆனால் இங்கே எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது மெதுவாகத்தான் விளங்கியது. அந்தப் பெட்டிக்குள்ளேயே பாட்டு இருக்கிறது, தட்டினால் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். ரேடியோவைத் திருகுவது மாதிரி. நான் வாசித்ததை என் வாசிப்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை.

பழைய கம்பிகளைக் கழற்றி, துணியால் துடைத்து, ஆறு புதுக் கம்பியையும் மாட்டினேன். குழந்தை ஒவ்வொரு கம்பியின் மிச்ச நுனியையும் கேட்டு அழுதது, கண்ணில் குத்திவிடும் என்று கொடுக்கவில்லை. சுருதி சேர்த்துவிட்டு முதலில் மாமனாரிடம் கொடுத்தேன். தட்டினார். டங்கு டங்கு என்றது. என்னிடம் கொடுத்தார். நான் வாசித்தேன். மறுபடி அவர் வாங்கிக்கொண்டார். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். டங்கு டங்கு.

“ஆளத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு பேசுது” என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

“பழகுனா ஒங்களுக்கும் வரும்ங்கய்யா.”

“எனக்கு முட்டி வலிக்கு மருந்து தேய்க்கவே நேரம் பத்தல தம்பி.”

அந்தப் பெண் குழந்தையை இறக்கிவிட்டாள். முந்தானையால் தொப்பையின் முதுகைத் துடைத்தாள். “கொண்டு போங்கண்ணே” என்றாள். “போட்ட வெலையக் குடுங்க, போதும். இங்ஙன இருந்தா மறுபடி சேலைக்குள்ளதான் கெடக்கும். ஆனா ஒண்ணு. பாப்பாவுக்குக் காது குத்துறோம். மொட்டையெடுத்து, எங்க குலசாமி கோயில்லதான் வைக்கிறோம். நீங்க வந்து இத வச்சு வாசிக்கணும். மேளத்துக்குச் சொல்லியாச்சு, ஒங்களுக்கும் ஒரு சேர் போட்டுருவோம்.”

நான் மேடையில் உட்கார்ந்தே எத்தனை வருஷம் ஆகிறது. விரலில் பலம் இல்லை, பாட்டு எல்லாம் மறந்து கிடக்கிறது, மேளத்துக்குப் பக்கத்தில் இந்தச் சத்தம் யார் காதுக்கு எட்டும். இதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. “வாரேன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

எந்த நகையைச் சுமந்திருந்தாலும் அவ்வளவு பத்திரமாக ஓட்டியிருக்க மாட்டேன். வண்டியில் தொப்பையை முதுகில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று நின்று, ஒத்தக்கடை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தெருமுனையில் நீங்கள் இரண்டு பேரும் ஓடி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரியவள் முதலில் கேட்டது, “நெஜமாவே நீங்களாப் பேசி வாங்கிட்டீங்களா?”

செவலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் தேடுகிற முறையை மாற்றிவிட்டேன். கிட்டார் என்று போடுவதே இல்லை. ‘கரண்டு வீணை’ என்று போடுகிறேன். ‘செவப்புப் பேட்டு’, ‘கம்பி வச்ச பலகை’, ‘மைக் செட் சாமான்’ என்றெல்லாம் போடுகிறேன். செவலையை இப்போது வைத்திருக்கிறவர்கள் அதை என்னவென்று நினைத்திருக்கிறார்களோ. உங்களுக்கு ஏதாவது பெயர் தோன்றினால் சொல்லுங்கள்.

காதுகுத்து நாளைக்குத்தான். இரண்டு மாதமாக, தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து வாசித்ததில் விரல் நுனி காய்த்துவிட்டது. இடம் இடமாக உரிந்தும் இருக்கிறது, சோறு பிசைந்தால் எரிகிறது. பாட்டுகளில் முக்கால்வாசி திரும்ப வந்துவிட்டன. வராத இடத்தில் சின்னவள் கண்டுபிடித்து, “அப்பா, இங்க நேத்து வேற மாதிரி வந்துச்சு” என்கிறாள். மத்தியானம் அந்த மாமனார் போன் போட்டார். மேளக்காரர்களிடம் பேசிவிட்டாராம். “காது குத்தும்போது மட்டும் அவுக வாசிப்பாக. புள்ள அழுகை நின்னதும் நீங்க ஆரம்பிக்கணும் தம்பி. அதுக்கப்புறம் அவுகள நான் அடக்கி வச்சுக்கிறேன்” என்றார்.

உங்கள் அம்மா என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள். சின்னவள் வண்டியில் எனக்கு முன்னால் உட்கார வேண்டும். பெரியவள் பின்னால், மடியில் தொப்பை. பள்ளம் வந்தால் நீ ஆடினாலும் அது ஆடக் கூடாது, புரிகிறதா. விடியும் முன்னால் கிளம்ப வேண்டும். இரண்டு பேரும் போய்ப் படுங்கள். எனக்குத் தூக்கம் வரப் போவதில்லை, நான் இன்னொரு தரம் சுருதி பார்க்கிறேன்.